11 முட்டை, 10 குஞ்சு

நேத்து வெள்ளென 4 மணி. சாளையில இருந்து ஒரு சத்தம்.

கீச்.

அவ்வளவுதான். அப்புறம் ஒரு நிமிசம் ஒண்ணுமில்லை. மறுபடி, கீச் கீச்.

எந்திரிச்சு ஓடுனேன். அத்தை எனக்கு முன்னாலயே அங்க உக்காந்திருக்காங்க. கையில டார்ச் இருக்குது, ஆனா அடிக்கலை. இருட்டுலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காங்க. "லைட்டு போடாத கண்ணு. கோழி மெரண்டு எந்திரிச்சா மிச்ச முட்டை குளுந்து போயிரும். காதுலயே எண்ணு"ன்னாங்க.

காதுலயே எண்ணுனோம். பொழுது விடியறப்ப 7. காப்பி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள 9. மத்தியானத்துல 10.

11 முட்டை வச்சதுல 10 குஞ்சு!

(இது என்ன பெரிய சேதின்னு கோழி வளர்க்காதவங்க கேப்பீங்க. வளர்த்தவங்க இந்நேரம் நிமிர்ந்து உக்காந்திருப்பீங்க. பங்குனி வெயில்ல அடை வச்சு 11க்கு 10 எடுக்கறது லேசுப்பட்ட காரியமில்லைங்க.)

அந்தச் சந்தோசத்துல இருக்கறப்பத்தான் சென்னையில இருந்து தம்பி போன் பண்ணுனான். சித்தப்பா பையன். புள்ளைங்களுக்கு லீவு உட்டதும் கூட்டிட்டு வாடான்னு போன வாரம் கூப்பிட்டிருந்தேன்.

"இல்லக்கா, இப்ப வந்து என்ன பண்றது? எல்லாம் காஞ்சு கெடக்கும். மழை பேஞ்சு பச்சையானதுக்கப்புறம் வர்றோம். வசந்த காலம் மாதிரி இருக்கறப்ப வந்தா புள்ளைங்களுக்கும் பாக்க நல்லா இருக்கும்"ன்னான்.

வசந்த காலம் மாதிரி!

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. போன்ல ஒண்ணும் சொல்லலை. ராத்திரி பூரா அதையே நெனச்சுப் படுத்திருந்தேன். டேய் தம்பி, இதுதாண்டா வசந்த காலம். இப்ப நடக்குதே, இதேதான்.

அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்க எழுதறேன். நீளமாத்தான் போகும். ஒரு டம்ளர் மோர் ஊத்திட்டு வந்து உக்காருங்க.

எங்க தோட்டம் மூலனூர்ப் பக்கம், தாராபுரம் தாலுகா. மொத்தம் 4 ஏக்கர். ஒண்ணரை ஏக்கர் கெணத்துப் பாசனம், அதுல 40 தென்னை, கொஞ்சம் முருங்கை, வீட்டுக்குக் காய்கறி. மிச்சத்துல கீழ்க்காடு ஒரு ஏக்கர் போக எல்லாம் கொரங்காடு. கொரங்காடுன்னா மத்த ஜில்லாக்காரங்களுக்குத் தெரியாது, சொல்லிடறேன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் சுத்துவட்டாரத்துல இருக்கற மேய்ச்சக் காடு அது. கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை முள்ளு வேலி. உழுது வெள்ளாமை வைக்காம ஆடு மாட்டுக்குன்னே விட்டு வைக்கற நெலம். மழை கம்மியான எங்க சீமையில பெரியவங்க கண்டு வச்ச பண்ணையம்.

நானும் எங்க வீட்டுக்காரரும் திருப்பூர்ல வேலைக்குப் போயிட்டிருந்தோம். 2020ல ஊருக்கு வந்தோம், அப்படியே தங்கிட்டோம். இப்ப நாங்க, அத்தை, பாப்பா (9 வயசு), காங்கயம் பசு ஒண்ணு, அதோட கன்னு, செம்மறி 12, கோழி... நேத்து காலையில வரைக்கும் 23. இன்னைக்கு 33.

தம்பி சொன்னதுல ஒண்ணு நெசம். தரை காஞ்சுதான் கெடக்குது. கொழுக்கட்டைப் புல்லு வெளுத்துப் போயி வைக்கோல் மாதிரி நிக்குது. கெணத்துல மோட்டார் போட்டா முக்கா மணி நேரம் ஓடுது, அப்புறம் ஊறட்டும்னு காத்திருக்கோணும்.

ஆனா தலையை நிமித்திப் பாருங்க.

வேம்பு பூரா புதுக் கொழுந்து. மொதல்ல செம்பு நெறத்துல வந்துச்சு, அப்புறம் எளம்பச்சை. இப்ப வெள்ளை வெள்ளையாப் பூ. வாசல்ல கட்டில் போட்டுப் படுத்தா அந்த வாசம் மூஞ்சி மேலேயே எறங்குது. புங்கை மாசியில எலையைக் கொட்டிட்டு மொட்டையா நின்னுச்சு. பங்குனி பாதியில பாத்தா பளபளன்னு இருக்குது. இப்ப தோட்டத்துல இருக்கற நெழல்லயே குளுமையான நெழல் அதுதான். பூவும் வச்சிருச்சு. அடியில போயி நின்னா தேனீ சத்தம் ங்ங்ங்னு மோட்டார் ஓடற மாதிரி கேக்குது. பஸ் ஸ்டாப்புல இருக்கற கொன்றை மஞ்சளாத் தொங்குது.

இதெல்லாம் மழை பேஞ்சு வந்ததுங்களா? ஒரு சொட்டு இல்லை. மார்கழிக்கப்புறம் பங்குனி கடைசி வரைக்கும் எங்களுக்கு மழையே இல்லை. வருசத்துலயே நெலம் ரொம்பக் காஞ்ச நேரத்துலதான் இந்த மரமெல்லாம் தளிர் விடுது. பழைய எலையை உதுத்துட்டா வெளிய போற தண்ணி கொறஞ்சிரும். ஆழத்துல வேர் எடுத்து வச்சிருக்கறது, தண்டுக்குள்ள தேக்கி வச்சிருக்கறது, அதை வச்சுப் புது எலையைக் கட்டிருது. அப்புறம் கோடை மழை வர்றப்ப மரம் எலையோட தயாரா நிக்கும்.

நம்ம பெரியவங்க வருசத்தை ஆறாப் பிரிச்சதுல சித்திரையும் வைகாசியும் இளவேனில். வேனில்னாலே வெயில்தானுங்க. இது எளசான வெயில். வசந்தத்துக்கு நம்ம வச்ச பேருக்குள்ளயே வெயில் இருக்குது! பச்சைப் புல்லு, பனி உருகுற ஆறு, ரோஸ் கலர் பூவெல்லாம் வேற ஊரு வசந்தம். அதையும் நான் குத்தம் சொல்லலை. அந்த ஊருக்கு அது சரி. நம்ம புள்ளைங்க புஸ்தகத்துல அந்தப் படத்தை மட்டும் போட்டா, வாசல்ல வேம்பு பூத்துக் கெடக்கறப்பவே "நம்மூருக்கு எப்ப வசந்த காலம் வரும்"னு கேப்பாங்க. தம்பியும் அந்தப் புஸ்தகத்தைப் படிச்சவன்தான். நானும்தான்.

நான் எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னா, நஷ்டப்பட்டுத்தான்.

2021 மார்ச்ல வெளிநாட்டு வீடியோவா பாத்துத் தள்ளினேன். மார்ச் மாசம்னா வெதை போடற மாசம், மேட்டுப் பாத்தி கட்டுங்க, தக்காளி போடுங்க, கேரட் போடுங்க, லெட்டூஸ் போடுங்கன்னு அத்தனை பேரும் சொன்னாங்க. அத்தனையும் போட்டேன். தக்காளி மொளைச்சு நல்லாத்தான் வந்துச்சு. சித்திரையில பூ எடுத்துச்சு, எடுத்த பூவெல்லாம் காம்போட உதுந்துச்சு. ராத்திரியிலயும் சூடு தணியலைன்னா தக்காளிப் பூ பிஞ்சாகாது. லெட்டூஸ் ஒரு வாரத்துல வெந்த கீரை மாதிரி சாஞ்சிருச்சு. கேரட் மொளைக்கவே இல்லை. மேட்டுப் பாத்தி கட்டுனதுல இன்னொரு தப்பும் இருந்துச்சு. மழை ஜாஸ்தியான ஊருல தண்ணி வடியறதுக்குத்தான் மேடு கட்டோணும். எங்க ஊருல பள்ளமாப் பாத்தி எடுத்தாத்தான் ஊத்துன தண்ணி வேருக்கு நிக்கும்.

அத்தை அப்ப ஒரு வார்த்தை சொல்லலை. அந்தப் பாத்திக்குப் பக்கத்துலயே பள்ளமா ரெண்டு பாத்தி எடுத்து கொத்தவரை, வெண்டை, தட்டைப்பயிறு போட்டாங்க. ஓரத்துல வெள்ளரி. வைகாசி பூரா அதுலதான் சாப்பிட்டோம்.

அந்த வருசத்துல இருந்து மார்ச், ஏப்ரல்னு பாக்கறதை உட்டுட்டேன். மாசி, பங்குனின்னுதான் பாக்கறேன்.

சரி, கோழிக்கு வர்றேன்.

மொத வருசம் 15 முட்டை வச்சேன், 4 பொரிச்சுது. அடுத்த வருசம் 13க்கு 6. மூணாவது வருசம் கதை வேற. 12ஆம் நாள் கோழியே எந்திரிச்சுப் போயிருச்சு. கூடையில கையை விட்டா கை பூரா செல்லு. கோழிச் செல்லு கடிச்சா அடைக்கோழி எத்தனை நாள் தாங்கும்? முட்டையெல்லாம் ஒடச்சுப் பாத்தேன். பாதி உருவம் ஆகி நின்னு போயிருந்துச்சு. கண்ணு தெரியுது, கால் தெரியுது. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை.

பொரிக்காத முட்டையை நாம கூமுட்டைன்னு ஒரே பேர்ல சொல்லிடறோம். அதுக்குள்ள ரெண்டு மூணு சங்கதி இருக்குது. சேவல் சேராத முட்டை ஒண்ணு. சேர்ந்தும் கெட்டுப்போன முட்டை இன்னொண்ணு. எனக்கு நடந்தது பெரும்பாலும் ரெண்டாவது. ஏன்னு எங்க கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாதான் புரிய வச்சாங்க. முட்டைக்குள்ள இருக்கற உயிர் சுமாரா 20, 21 டிகிரி வரைக்கும்தான் அசையாமத் தூங்கும். அதுக்கு மேல சூடு ஏறுனா மெல்ல வளர ஆரம்பிச்சிரும். கோழி வயித்துக்கடியில முட்டைக்கு ஏறக்குறைய 37.5 டிகிரி கெடைக்கும், அதுல ஒழுங்கா 21 நாள்ல குஞ்சாகும். நம்ம வீட்டுக்குள்ள பங்குனியில 34, 35. குஞ்சாகவும் பத்தாது, தூங்கவும் விடாது. அரைகுறையா வளர்ந்து, கோழிக்கு அடியில போறதுக்கு முன்னாலயே செத்துப் போயிருது.

நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? அடுக்களை அலமாரியில, அடுப்புக்குப் பக்கத்துல, 15 நாள் முட்டையைச் சேத்து வச்சிட்டிருந்தேன்.

இதை வீட்டுல வந்து சொன்னேன். அத்தை நேரா அட்டாலியில ஏறி ஒரு பெரிய மண்சட்டியை எடுத்துட்டு வந்தாங்க. "உங்க அம்மாயி வீட்டுல எல்லாம் இதுலதான வெப்பாங்க"ன்னாங்க. (எங்க அம்மாயி கோழி வளர்த்ததை நான் பாத்ததே இல்லை. எனக்கு விவரம் தெரியறப்ப அவங்க கோயமுத்தூருக்கு வந்துட்டாங்க.) பெரிய சட்டியில மணல் போட்டு, தண்ணி தெளிச்சு, அதுக்குள்ள சின்னப் பானையைப் பதிச்சு வச்சு, பானைக்குள்ள முட்டை. மேல வெள்ளைத் துணி. மணல் ஈரம் காயக் காயப் பானை குளுந்துக்கிட்டே இருக்கும். தண்ணிப்பானை சில்லுன்னு இருக்குதே, அதே சங்கதிதான். டாக்டரம்மா டிகிரி சொல்லிக் கொடுத்தாங்க, அத்தை சட்டி எடுத்துக் கொடுத்தாங்க. ரெண்டும் சேந்தாத்தான் எனக்கு வேலை ஆகுது.

இந்த வருசம் எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணோணும்னு வைராக்கியம்.

அடை உக்காந்தது பூதிக்கோழி. சாம்பல் நெறம், சிறுவிடை. சிறுவிடைக் கோழி உடம்பு சின்னது, அதனால 15 வச்சா ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது. 11 போதும்னு முடிவு பண்ணுனோம். முட்டை எதுவும் 6 நாளுக்கு மேல பழசு கெடையாது. எல்லாம் மண்சட்டியில கூரான பக்கம் கீழ இருக்கற மாதிரி வச்சது. கூடையில மொதல்ல சாம்பல், அது மேல வேப்பெலை, அது மேல வைக்கோல். செல்லு வராம இருக்கறதுக்கு. பக்கத்துலயே ஒரு குழி நெறையப் புழுதியும் சாம்பலும். தெனம் ஒருக்கா எந்திரிச்சு வந்து அதுல பொரண்டு குளிச்சுட்டுப் போகும். கரித்துண்டு, வரமொளகாய், ஒரு இரும்பு ஆணி. இடி இடிச்சா முட்டை கெடாம இருக்கறதுக்குன்னு அத்தை வச்சாங்க. அத்தை வச்சதை நான் எடுக்கறதில்லை.

பங்குனி 13, பொழுது சாய வச்சோம்.

7ஆம் நாள் ராத்திரி பாப்பாவும் நானும் இருட்டுல உக்காந்து ஒவ்வொரு முட்டையாச் செல்போன் டார்ச் மேல வச்சுப் பாத்தோம். உள்ள செவப்பா நரம்பு, நடுவுல ஒரு புள்ளி. சிலந்தி மாதிரி. பாப்பா மூச்சே விடலை. "அம்மா, இது ஆடுதும்மா"ன்னா. ஆமா சாமி, ஆடுதுன்னேன். 11ல 10 முட்டையில நரம்பு ஓடிருந்துச்சு. ஒண்ணு மட்டும் தெளிவா இருந்துச்சு, அது சேவல் சேராத முட்டை. எடுத்துட்டோம். மிச்சம் 10.

அந்த 10ம் பொரிச்சிருச்சுங்க.

21 நாளும் அந்தக் கோழி ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் எந்திரிச்சிருக்கும். 38 டிகிரி வெயில்ல வாயைத் தொறந்து மூச்சு வாங்கிக்கிட்டே உக்காந்திருந்துச்சு. பக்கத்துல தண்ணிச்சட்டி வச்சு, கூரை மேல சாக்கை நனைச்சுப் போட்டுட்டே இருந்தோம். அது படுத்த பாட்டுக்கு நாங்க செஞ்சது ஒண்ணுமே இல்லை.

பொரிச்ச மொத நாள் குஞ்சுக்கு ஒண்ணும் போடத் தேவையில்லை. மஞ்சக்கருவோட மிச்சம் வயித்துக்குள்ள இருக்கும், ஒண்ணு ரெண்டு நாளைக்கு அது தாங்கும். அதுக்கப்புறம் நொய்யும் கம்பும், கூட கரையான். கரையானுக்குப் பொறுப்பு பாப்பாதான். ஓட்டைப் பானைக்குள்ள காஞ்ச சாணம், கிழிஞ்ச சாக்கு, தென்னமட்டைத் துண்டு எல்லாம் அடைச்சு, தண்ணி தெளிச்சு, பொழுதோட கரையான் ஓடற எடமாப் பாத்துக் கவுத்து வச்சுட்டு வந்துருவா. விடிஞ்சு போயித் தூக்குனா உள்ள கொத்துக் கொத்தா இருக்கும். வாசல்ல கொட்டுனா குஞ்சுங்க ஓடற ஓட்டம் இருக்குதே! சிமெண்டுத் தரையில கால் வழுக்கி விழுந்து எந்திரிச்சு ஓடும். நேத்துப் பொறந்த உசுருக்கு அவ்வளவு அவசரம்.

7ஆம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்கு சொட்டு மருந்து. இதை மட்டும் யாரும் தள்ளிப் போடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். வெயில் காலத்துல ஒரு ஊருக்குள்ள நொழைஞ்சா வீடு வீடாக் காலி பண்ணிட்டுப் போற நோய் அது. வந்ததுக்கப்புறம் மருந்தே கெடையாது, வர்றதுக்கு முன்னாலதான் பாத்துக்கோணும்.

மாட்டைப் பத்திச் சொல்லலையே. பங்குனி கடைசியில கன்னு போட்டுச்சு. கிடாரிக் கன்னு. பொறந்தப்ப செங்கல் நெறம். பக்கத்துத் தோட்டத்துக்குப் புதுசா வந்தவங்க பாத்துட்டு, "உங்க மாடு வெள்ளையா இருக்குது, கன்னு செவப்பா இருக்குதே, காளை வேற ஜாதிங்களா"ன்னு கேட்டாங்க. காங்கயம் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தான் இருக்கும். ஆறு மாசம் போல ஆனா மெல்ல மெல்லச் சாம்பல் வெள்ளைக்கு மாறும். கன்னு விழுந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிக்க விடோணும். நோய் தாங்கற சக்தி கன்னுக்கு அந்தப் பால்லதான் போகுது. இளங்கொடி விழற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் கட்டுத்தாரையிலயே உக்காந்திருந்தார். விழுந்ததும் சாக்குல கட்டி, ரோட்டோரத்து ஆலமரத்துல கொண்டு போயிக் கட்டிட்டு வந்தார். பால் வடியற மரத்துல கட்டுனா மாடு நல்லாப் பால் கறக்கும்னு எங்க பக்கம் எல்லாரும் செய்யறது. மீந்த சீம்பால்ல வெல்லமும் ஏலக்காயும் போட்டு அத்தை ஆவியில வேக வச்சாங்க. தம்பி, அது உனக்கு மழைக்கப்புறம் வந்தாக் கெடைக்காது.

வேப்பம்பூவும் அப்படித்தான். பழைய வேட்டியை ராத்திரி மரத்தடியில விரிச்சு வச்சா காலையில படுக்கை மாதிரி பூ. நெழல்ல காய வச்சு டப்பாவுல போட்டா வருசம் பூரா ரசத்துக்கு ஆச்சு. வெங்காய வடகம் ஒரு பக்கம் காயுது, மோர் மொளகா ஒரு பக்கம் காயுது. காக்காய்க்கு காவல் பாப்பா.

காக்காய்னு சொன்னதும் ஞாபகம் வருது. தென்னை மரத்துல காக்காய் கூடு கட்டுது. குச்சியோட கம்பியும் கொண்டு வருது (எங்க துணிக்கொடிக் கம்பித் துண்டு ரெண்டு அங்கதான் இருக்குது). பக்கத்து வேம்புல குயில் விடியக்காலம் 4 மணியில இருந்து கூவுது. கூவறது ஆண். கன்னங்கரேர்னு இருக்கும். பொட்டைக் குயில் புள்ளி புள்ளியா இருக்கும், சத்தம் காட்டாம எலைக்குள்ள உக்காந்திருக்கும். காக்காய் அந்தக் கருப்பனைத் துரத்திக்கிட்டுப் போற நேரமாப் பாத்து இது கூட்டுல முட்டை போட்டுட்டு வந்துரும். பாப்பா மூணு நாளா நோட்டுல எழுதிட்டிருக்கா, எத்தனை தடவை துரத்துச்சுன்னு. இந்த லீவுல அவளுக்கு எந்த கேம்ப்பும் வேண்டியதில்லை.

மயிலைப் பத்தி நல்லதா ஒண்ணும் சொல்ல வரலை எனக்கு. தோகையை விரிச்சுக் கொரங்காட்டுல ஆடுது, பாக்கக் கண்ணு ரெண்டு பத்தாது, ஒத்துக்கறேன். ஆனா போட்ட வெதையைப் பூராக் கிளறித் தின்னுட்டுப் போயிட்டா சின்னப் பண்ணையக்காரன் என்ன பண்றது? 1972ஆம் வருசச் சட்டத்துல உச்சப் பாதுகாப்பு கொடுத்திருக்காங்க, அது தேசியப் பறவை, கொல்லக் கூடாதுதான். கொல்லோணும்னு யாரு சொன்னா? நட்டமாகுற குடும்பத்துக்கு ஒரு வழி சொல்லுங்கன்னுதான் கேக்கறோம். இப்போதைக்குப் பாத்தி மேல முள்ளு வெட்டிப் போட்டு வச்சிருக்கோம். மொளைச்சு ஒரு சாண் வந்ததும் எடுத்துருவோம்.

முருங்கையும் மனசு நோக வைக்குது. மூலனூர் முருங்கைன்னா பேர் போனது. மாசியில இருந்து காய் மரத்துல சடை சடையாத் தொங்குது. எல்லார் தோட்டத்துலயும் ஒரே நேரத்துல தொங்குறதால வெலை விழுந்துருது. போன வாரம் 3 மூட்டை கொண்டு போனோம், கிலோ 6 ரூபாய்க்குக் கேட்டாங்க. பறிகூலி, வண்டி வாடகை போக என்ன நிக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. மார்கழியில இதே காயைத் தங்கம் மாதிரி விக்கறாங்க, அப்ப எங்க மரத்துல காய் இருக்காது. மிச்சக் காயைப் பறிக்காம விட்டுட்டோம். எலையை உருவிக் காய வச்சுப் பொடி பண்றோம். ஆட்டுக்கும் போடறோம், கோழிக்கும் நொய்யில கலந்து போடறோம். கோழி மஞ்சக்கரு நல்ல நெறமா வருது.

புளியாவது கை கொடுக்குது. ஒரே மரம், அத்தை மாமாவைக் கட்டிட்டு வந்தப்பவே பெருசா நின்ன மரம். பங்குனியில உலுக்கி, வெயில்ல காய வச்சு, தோடு தட்டி, கோது உருவி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மொடாவுல அமுக்கி வைக்கோணும். கொட்டை தட்ட அக்கம் பக்கத்துப் பொம்பளைங்க நாலு பேர் வருவாங்க. எங்க வீட்டுல ஒரு நாள், அவங்க வீட்டுல ஒரு நாள். ஊர்ல நடக்கற சமாச்சாரம் பூரா அந்த வேப்ப மர நெழல்ல வந்து சேந்துரும். புதுப் புளி இப்ப பழுப்பாத்தான் இருக்கும். அடுத்த பங்குனிக்குள்ள கருத்துரும். ஒரு வருசப் புளிக்குத்தான் கொழம்பு ருசின்னு அத்தை புதுசைத் தொடவே மாட்டாங்க.

பங்குனி 27ஆம் தேதி மொதல் கோடை மழை பேஞ்சுச்சு. பெரிசா இல்லை, அரை மணி நேரம். மண்ணு வாசம் வந்துச்சு, அத்தை வாசல்ல எறங்கி நின்னு நனைஞ்சாங்க. "சளி புடிக்கும் அத்தை, உள்ள வாங்க"ன்னேன். "இந்த மழைக்குப் புடிக்காது சாமி"ன்னாங்க.

ஒரு வாரம் கழிச்சு வேலியைப் பாத்துட்டு பாப்பா கத்துனா.

கிளுவை முள்ளு எப்படி இருக்கும்னு பாத்தவங்களுக்குத் தெரியும். மாசி, பங்குனியில அதுல உசுரு இருக்குதுன்னே யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு எலை இருக்காது, வெறும் முள்ளுக் குச்சி. எடுத்து அடுப்பு எரிக்கலாமான்னு 2020ல நானே கேட்டிருக்கேன். அரை மணி நேர மழைதான் பேஞ்சுது. தோட்டத்தைச் சுத்தி இப்ப ஒவ்வொரு முள்ளுக்குப் பக்கத்துலயும் குட்டி குட்டியாப் பச்சை. நாலு ஏக்கருக்கும் யாரோ பச்சைக் கோடு போட்டு வச்ச மாதிரி இருக்குது.

அந்த ஈரம் காயறதுக்குள்ள கீழ்க்காட்டுல ஒரு ஏக்கர் உழுதுட்டோம். அஞ்சு கலப்பை போட்டு, சரிவுக்குக் குறுக்கால. சரிவோட உழுதா அடுத்த மழைக்கு மேல்மண்ணு பூரா பள்ளத்துக்குப் போயிரும். குறுக்கால உழுதா ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வரப்பாகி தண்ணியைத் தேக்கி உள்ள எறக்கும். மண்ணுக்குள்ள இருக்கற கூட்டுப்புழு வெளிய வந்துரும், வெயில் பாதியைக் கொல்லும், கொக்கும் மைனாவும் மிச்சத்தைப் பாத்துக்கும். கோரைக்கெழங்கும் மேல வந்து காஞ்சிரும். சித்திரை மாசப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு அந்தக் காலத்துல சொன்னது இதுக்குத்தான். டிராக்டருக்குப் பின்னால அடைக்கோழி போக மிச்ச 22 கோழியும் வரிசையாப் போச்சு பாருங்க, நோம்பிக்குத் தேருக்குப் பின்னால போற சனம் மாதிரி!

தம்பி, நீ சொன்ன மாதிரி மழைக்கப்புறமே வா. வேண்டாம்னு சொல்லலை. அப்ப பச்சையாத்தான் இருக்கும், காத்து சிலுசிலுன்னு அடிக்கும், போட்டோ நல்லா வரும். ஆனா புள்ளைங்களுக்கு அப்ப பள்ளிக்கூடம் தொறந்துருக்கும், ரெண்டு நாள்ல ஓடிருவீங்க. நாம சின்னதுல அப்பாரு வீட்டுக்கு எப்ப வந்தோம்? இதே சித்திரை வெயில்லதான வந்தோம். நுங்கு வண்டி உருட்டுனது, கெணத்துல குதிச்சது, புளியங்கொட்டையைத் தேச்சுச் சூடு வச்சு உன்னை அழ வச்சது எல்லாம் எந்த மாசம்? அப்ப நமக்கு யாரும் காஞ்சு கெடக்குதுன்னு சொல்லலை.

பனை மரத்துல நுங்கு எறக்க இன்னும் பத்து நாள் ஆகும். கன்னு இப்பத்தான் துள்ள ஆரம்பிச்சிருக்குது. குஞ்சு பத்தும் ஒரு மாசத்துல எறகு கட்டிரும், அதுக்கப்புறம் தாய்க்கோழி கொத்தித் துரத்திரும். ஒரு குஞ்சு தாய் எறகுக்குள்ள இருந்து தலையை மட்டும் வெளிய நீட்டிப் பாக்கும், அதை உன்ற புள்ளைங்க பாக்கோணும்னா இந்த மாசத்துக்குள்ள வரோணும்.

செவலைக்கோழியும் இன்னைக்குக் காலையில இருந்து எந்திரிக்காம உறுமுது. அத்தை மண்சட்டியில 9 முட்டை எண்ணி வச்சிட்டாங்க.

மேக்கால மேகம் கருக்குது. புளி வாசல்லயே கெடக்குது, குஞ்சுங்க கொடாப்புக்கு வெளிய. நான் ஓடறேன்.